எக்சோம் செய்தால் காணுமா, எப்.பி.சி. வேண்டாமா?

வெள்ளவத்தைக்காரி, 2025 பெப்ரவரி 8

தம்பிக்குக் கலியாணம் பேசியாச்சு. பொம்பிளை அம்மாவின் அண்ணனுடைய மகள், சொந்த மச்சாள். இரண்டு பேரும் தலசீமியாவுக்கு, அதாவது ஈமோகுளோபின் சரியாக உருவாகாத அந்தப் பரம்பரை இரத்த வருத்தத்துக்கு, இரத்தம் பார்க்க வேண்டும் என்று எங்கள் டொக்டர் சொல்கிறார். வெளியில் ஓரிடத்தில் முழு எக்சோம் என்று ஒரு டி.என்.ஏ. பரிசோதனை செய்கிறார்களாம், இருபதாயிரம் ஜீனையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாமாம். அப்படியென்றால் எப்.பி.சி. (முழு இரத்தக் குழிய எண்ணிக்கை), எச்.பி.எல்.சி. (ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளப்பது) என்று தனித்தனியாக அலையத் தேவையில்லைத்தானே? காசு கூடினாலும் பரவாயில்லை, ஒரேயடியாக முடிப்பம் என்று வீட்டில் கதைக்கிறார்கள்.

நிறமூர்த்தம்11, பெப்ரவரி 8, இரவு

டொக்டர் சொன்னதைச் செய்யுங்கள். முதலில் எப்.பி.சி., இரண்டு பேருக்கும் ஒரே கிழமையில். தலசீமியா விஷயத்தில் எக்சோம் அதற்கு மாற்றாகாது. காரணத்தை நாளைக்கு வடிவாக எழுதுகிறேன்.

நிறமூர்த்தம்11, பெப்ரவரி 9

எப்.பி.சி. ரிப்போர்ட்டில் ஈமோகுளோபின் அளவை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். காவிகளில், அதாவது தமக்கு நோயில்லாமல் பிழையுள்ள ஜீனைக் காவுகிறவர்களில், கனபேருக்கு அது சாதாரணமாகவோ சற்றுக் குறைவாகவோதான் இருக்கும், ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. பார்க்க வேண்டியவை அதற்குக் கீழே உள்ள இரண்டு வரிகள். எம்.சி.வி. என்பது செங்குழியத்தின் சராசரிக் கனவளவு, எம்.சி.எச். என்பது ஒரு குழியத்துக்குள் இருக்கும் ஈமோகுளோபினின் நிறை. எம்.சி.வி. 80 பெம்டோலீற்றருக்குக் கீழே, அல்லது எம்.சி.எச். 27 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் அடுத்தது எச்.பி.எல்.சி. அதில் ஈமோகுளோபின் ஏ2 (சிறிதளவே இருக்கும் ஒரு வகை) 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா (ஈமோகுளோபினின் பீட்டா சங்கிலி குறைவது) காவி என்று கொள்ளலாம்.

இந்தப் பரிசோதனை செங்குழியம் உண்மையில் எப்படி உருவாகிறது என்பதை அளக்கிறது. எந்த விகாரம் (ஜீனில் உள்ள பிழை), எந்த ஜீன் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கத் தேவையில்லை. எக்சோம் டி.என்.ஏ. எழுத்துகளை வாசிக்கிறது. வாசித்த எழுத்து என்ன செய்யும் என்பதை ஊகிக்க வேண்டியது பிறகு மனிதரும் மென்பொருளும். கேள்வி தெளிவாக இருக்கும்போது, அதாவது 'இவர் தலசீமியா காவியா' என்று மட்டும் கேட்கும்போது, நேரடியாக அளப்பதுதான் புத்தி.

செங்குழியம், பெப்ரவரி 9

மேலே உள்ளதற்கு ஒரு திருத்தம் வேண்டும். எம்.சி.வி. 80க்கு மேலே இருந்தால் அத்தோடு விடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈமோகுளோபின் ஈ என்ற மாறிய வகையின் காவிகளில் எம்.சி.வி. எல்லைக்கோட்டிலோ சாதாரணமாகவோ நிற்கும். அந்தக் காவிகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஈ காவியும் பீட்டா காவியும் கலியாணம் செய்தால் பிறக்கும் பிள்ளைக்கு ஈ-பீட்டா தலசீமியா வரலாம், நம் நாட்டில் அது கணிசமானவர்களுக்கு உள்ளது. கலியாணம் பேசுகிறவர்கள் இருவருமே எப்.பி.சி.யையும் எச்.பி.எல்.சி.யையும் சேர்த்துச் செய்வது நல்லது.

எச்.பி.எல்.சி. வரைபடத்தில் ஈ வகை, ஏ2 வருகிற இடத்திலேயே வந்து விழும். ஏ2 இருபத்தைந்து, முப்பது சதவீதம் என்று அச்சாகியிருந்தால் அது ஏ2 அல்ல, ஈ. ஏ2 அந்தளவுக்கு ஏறாது. ரிப்போர்ட்டில் கையெழுத்து வைக்கிறவர் கவனித்திருப்பார், ஆனாலும் கேளுங்கள்.

நிறமூர்த்தம்11, பெப்ரவரி 10

செங்குழியம் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டும் சேர்த்தே.

இனி எக்சோம் எங்கே தவறவிடுகிறது என்று பார்ப்போம். இரண்டு இடம், இரண்டும் நமக்கு முக்கியமானவை.

முதலாவது ஆல்பா தலசீமியா, ஈமோகுளோபினின் ஆல்பா சங்கிலி குறைவது. 16ஆம் நிறமூர்த்தத்தில் இரண்டு ஆல்பா குளோபின் ஜீன்கள் பக்கத்துப் பக்கத்தில், ஏறக்குறைய எழுத்துக்கெழுத்து ஒரே மாதிரி இருக்கின்றன. எக்சோமில் வாசிக்கும் துண்டு ஒவ்வொன்றும் 100, 150 எழுத்துதான். அந்தத் துண்டு எந்த ஜீனிலிருந்து வந்தது என்று மென்பொருளால் தீர்மானிக்க ஏலாது, நம்பகப் புள்ளி பூச்சியமாகி அந்த வாசிப்புகள் வடிகட்டப்பட்டுவிடும். போதாக்குறைக்கு, நம் பகுதியில் அதிகம் காணப்படும் ஆல்பா விகாரம் எழுத்துப் பிழையே அல்ல, 3.7 கிலோபேஸ் (3,700 எழுத்து) நீளமான ஒரு துண்டு முழுதாக இல்லாமல் போவது. அதைக் காண இடைவெளிப் பி.சி.ஆர். அல்லது எம்.எல்.பி.ஏ. வேண்டும். எக்சோம் ரிப்போர்ட்டில் 'ஆல்பா குளோபினில் ஒன்றும் காணப்படவில்லை' என்று இருந்தால் 'பார்க்கவில்லை' என்றே வாசியுங்கள்.

இரண்டாவதுதான் எனக்குக் கூடக் கவலை. இலங்கையில் பீட்டா தலசீமியாவுக்குப் பெரும்பாலும் பொறுப்பு இரண்டே விகாரங்கள், இரண்டும் 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள பீட்டா குளோபின் ஜீனின் முதலாவது இன்ட்ரோனில் (ஜீனின் நடுவே வந்து, பிறகு வெட்டி நீக்கி இரு பக்கமும் ஒட்டப்படும் பகுதி). ஒன்றில் இன்ட்ரோனின் 1ஆவது எழுத்து ஜி, ஏ ஆகிறது. மற்றதில் 5ஆவது எழுத்து ஜி, சி ஆகிறது. 1ஆவது எழுத்து மாறினால் எந்த மென்பொருளும் 'கடும் பாதிப்பு' என்று கொடி காட்டும், ஏனென்றால் இன்ட்ரோனின் முதல் இரண்டு எழுத்தும் கட்டாயம் ஜி, டி ஆக இருக்க வேண்டும். 5ஆவது எழுத்து அப்படியில்லை. வி.ஈ.பி. (VEP) போன்ற, மாற்றத்தின் பாதிப்பை ஊகிக்கும் மென்பொருள் அதை 'ஒட்டுமிடத்துக்கு அருகே' என்ற வகைக்குள் போட்டு 'குறைந்த பாதிப்பு' என்று குறித்துவிடும். வேலையைச் சுருக்கக் கடும், நடுத்தரப் பாதிப்புகளை மட்டும் வைத்துக்கொள் என்று வடிகட்டி போட்டிருந்தால், தெற்காசியாவில் மிகப் பரவலான பீட்டா தலசீமியா விகாரம் ஒரு சத்தமும் இல்லாமல் காணாமல் போகும். வாசிப்பு நன்றாக இருந்திருக்கும், நூறு தடவை அந்த எழுத்து வாசிக்கப்பட்டிருக்கும், ஆனால் ரிப்போர்ட்டில் வராது.

கிளின்வார் என்ற பொது விகாரத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே 'நோய் தருவது' என்று பதிவான எதையும் வடிகட்டிக்கு முன்னமே எடுத்து வைக்கிற ஆய்வுகூடத்தில் இது நடக்காது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: 'கிளின்வார் ஒப்பீடு வடிகட்டிக்கு முன்னா, பின்னா?' பதில் சொல்லத் தெரியாதவரிடம் காசு கட்டாதீர்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர், பெப்ரவரி 10

மகளுக்கு எம்.சி.வி. 71. ஏ2 3.1. காவி இல்லை என்று எழுதித் தந்துவிட்டார்கள். சரியா?

செங்குழியம், பெப்ரவரி 11

பெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா? இரும்புச்சத்துக் குறைந்தால் எம்.சி.வி. இறங்கும், கூடவே ஏ2வும் கொஞ்சம் இறங்கும். ஒரு பீட்டா காவியின் ஏ2 எல்லைக்குக் கீழே வந்து ஒளிந்துகொள்வதற்கு அந்தக் கொஞ்சமே காணும். இரும்பு குறைவென்றால் மருந்தை இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகக் குடித்துவிட்டு இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். பெரிட்டின் காய்ச்சல், அழற்சி நேரத்தில் பொய்யாக ஏறும், சுகமில்லாத நாளில் எடுக்க வேண்டாம்.

இரும்பு சரியாக இருந்து எம்.சி.வி. 71ஆகவே நின்றால் ஆல்பா தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும், அப்போதுதான் டி.என்.ஏ. பரிசோதனைக்கு வேலை வருகிறது.

ஆள் கர்ப்பமாக இருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். மூன்று மாதம் இரும்பு கொடுத்துக் காத்திருக்க நேரமில்லை, உடனே கணவரின் இரத்தத்தைப் பாருங்கள். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் எச்.பி.எல்.சி. மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்தவரின் ஈமோகுளோபினைத்தான் அளப்பீர்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் ஏ2ஐ வைத்துக் காவி என்று தீர்மானிக்கக் கூடாது, அது இன்னும் நிலைப்படவில்லை.

நிறமூர்த்தம்11, பெப்ரவரி 13

மச்சாள் விஷயத்தை ஒருவரும் தொடவில்லை. அதுவும் கேள்வியில் இருக்கிறது.

தம்பி காவி என்று வைத்துக்கொள்வோம். அந்த விகாரம் அம்மாவிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு பாதி. அம்மாவிடம் இருந்தால் அவருடைய அண்ணனிடமும் இருக்க வாய்ப்பு பாதி. அண்ணனிடமிருந்து மகளுக்குப் போக இன்னொரு பாதி. மூன்று பாதியையும் பெருக்கினால் எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். நாட்டில் பீட்டா காவிகள் சராசரியாக நூற்றுக்கு இரண்டு பேர் அளவு, இடத்துக்கு இடம் கூடிக் குறையும். வெளியில் பெண் எடுத்தால் இரண்டு சதவீதம், சொந்த மச்சாள் என்றால் பன்னிரண்டுக்கு மேலே. கலியாணத்தை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. பரிசோதனையைத் தவிர்க்க ஏலாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தலசீமியாவுக்கு அப்பாலும் இதே கணக்குத்தான். சொந்த மச்சான் மச்சாளுக்குப் பிறக்கும் பிள்ளையின் ஜீனோமில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு, இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாக இருக்கும். தாய்மாமனைக் கட்டினால் எட்டில் ஒரு பங்கு. ஒளிந்திருக்கும் பின்னிடைவான (இரண்டு பிரதியிலும் இருந்தால் மட்டும் நோய் தரும்) விகாரங்கள் வெளியில் வருவது அங்கேதான். இங்கிலாந்தின் பிராட்போர்டில் ஆயிரக்கணக்கான பிறப்புகளைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், பிறவிக் குறைபாடு சொந்தத்துக்குள் கட்டியவர்களின் பிள்ளைகளில் ஏறக்குறைய இரட்டிப்பாக, நூற்றுக்கு மூன்றிலிருந்து ஆறாக ஏறியது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள் குறையில்லாமல் பிறந்தன என்பதும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது. இரண்டையும் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்லிப் பயப்படுத்துவது அநியாயம்.

எக்சோமுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. குடும்பத்தில் ஏற்கெனவே காரணம் தெரியாத வருத்தத்தோடு ஒரு பிள்ளை இருந்தால் செய்யுங்கள். ஆனால் கலியாணம் கட்டப்போகிறவர்களில் தொடங்காமல் அந்தப் பிள்ளையிலும் அதன் தாய் தகப்பனிலும் தொடங்குங்கள். மூன்று பேரையும் சேர்த்து வாசித்தால், பிள்ளையில் புதிதாக வந்த மாற்றம் எது, இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது எது என்று பிரித்துவிடலாம். அதைக் கண்டுபிடித்த பிறகு மற்றவர்களில் அந்த ஒரு இடத்தை மட்டும் சாங்கர் முறையில் பார்த்தால் காணும், செலவும் குறைவு.

செங்குழியம், பெப்ரவரி 13

கிளினிக்கில் இரண்டு பேரும் காவியான தம்பதிகள் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒன்று: 'பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு நாலில் ஒன்று என்றீர்கள், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராதுதானே?' வரலாம். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலில் ஒன்று, புதிதாக.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் கருக்கலைப்பு 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதிக்கப்படும். கருவில் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று வெளிநாட்டு இணையத்தளங்களில் வாசித்துவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே அந்த வழி இல்லை. அதனால்தான் கலியாணத்துக்கு முன் பார்க்கச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

தெஹிவளை ரவி, பெப்ரவரி 17

எனக்கு இதயத்தசை வருத்தம் என்று எக்சோம் செய்தார்கள். ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் நிச்சயமற்ற மாற்றம்' என்று ஒன்று, 'தரவுத்தளங்களில் காணப்படவில்லை, மிக அரிது' என்றும் எழுதியிருக்கிறது. அரிது என்றால் அதுதானே காரணமாக இருக்கும்?

நிறமூர்த்தம்11, பெப்ரவரி 18

யாருடைய தரவுத்தளத்தில் அரிது என்பதுதான் கேள்வி.

பல நாட்டவரின் ஜீனோமை வாசித்த 'ஆயிரம் ஜீனோம்' திட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பில் 2,504 பேர். அதில் இலங்கைத் தமிழருக்கென்றே ஒரு குழு உண்டு, பிரித்தானியாவில் வாழும் 102 பேர். 102 பேர் என்றால், ஆளுக்கு இரண்டாக 204 பிரதிகள். இனிக் கணக்குப் போடுங்கள். நம்மிடையே நூறு பேரில் ஒருவர் காவுகிற ஒரு மாற்றத்தின் பிரதி வீதம் 0.5 சதவீதம். அது 204 பிரதிகளில் ஒன்றில்கூட அகப்படாமல் போக வாய்ப்பு 36 சதவீதம், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபம் நிறைந்த சனத்தில் ஐந்தாறு பேரிடம் இருக்கக்கூடிய ஒன்று, அந்தத் தொகுப்பில் இல்லவே இல்லை என்று காட்டலாம்.

நோமாட் (gnomAD) என்ற தரவுத்தளம் பெரியது, 2023இல் வந்த நான்காம் பதிப்பில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஆனால் அதில் பெரும்பான்மை ஐரோப்பிய வழியினர். 'தெற்காசியர்' என்று ஒரே பெட்டிக்குள் பஞ்சாபியும் வங்காளியும் தமிழரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். நம் பக்கத்தில் ஊருக்குள்ளும் சாதிக்குள்ளும் நூற்றாண்டுக்கணக்கில் கட்டிவந்ததால் ஒவ்வொரு குழுவுக்கும் தனக்கேயுரிய மாற்றங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரு குழுவில் சாதாரணமானது அடுத்த குழுவில் இருக்காது.

2015ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்த விதிகளில், தரவுத்தளத்தில் இல்லாமை ஒரு நடுத்தரச் சான்று மட்டுமே. அதை மட்டும் வைத்து யாரும் நோய்க்காரணம் என்று தீர்க்கக் கூடாது. பெரும்பாலும் பயன்படுவது குடும்பம். அதே வருத்தமுள்ள உறவினரிடம் அந்த மாற்றம் இருக்கிறதா, எழுபது வயதிலும் இதயம் நன்றாக உள்ள பெரியப்பாவிடமும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' வந்தால் சந்தேகம் கனக்கக் குறைந்துவிடும், முற்றாகப் போகாது. இந்த வருத்தம் எல்லாரிலும் வெளிப்படுவதில்லை.

ரவி, அந்த ஒரு வரியை வைத்துப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்ய ஓடாதீர்கள். அவர்களுக்கு எக்கோவும் ஈ.சி.ஜி.யும் செய்யுங்கள், அது மாற்றம் எதுவானாலும் பயன்படும்.

நிறமூர்த்தம்11, பெப்ரவரி 18, பிறகு

இதயத்தசை என்றதால் இதையும் சேர்க்கிறேன். இதயத்தசைப் புரதம் ஒன்றின் ஜீனில் 25 எழுத்து விடுபட்ட ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் காணப்படுகிறது, அது இதயத்தசை வருத்த அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2009இல் காட்டினார்கள். ஐரோப்பியத் தரவை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. அதைக் காவுகிறவர்களில் பெரும்பாலோர் சுகமாகவே இருக்கிறார்கள் என்பது அடுத்த சிக்கல். அந்த அபாயத்தில் ஒரு பங்கு, சிலரில் அதே பிரதியில் சேர்ந்து வரும் இன்னொரு மாற்றத்தால் என்று பிந்திய வேலைகள் காட்டின. 'இருக்கு, இல்லை' என்று இரண்டு சொல்லில் முடிகிற விஷயம் இல்லை. ரவியின் ரிப்போர்ட்டில் இது இருந்தால் பெயரோடு எழுதியிருப்பார்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர், பெப்ரவரி 20

அநுராதபுரம் பக்கத்துச் சிறுநீரக வருத்தமும் ஜீனாலா?

நிறமூர்த்தம்11, பெப்ரவரி 20

ஜீனால் மட்டும் என்று சொல்ல முடியாது. வடமத்திய மாகாண நோயாளிகளில் செய்து 2014இல் வெளியான ஒரு ஆய்வு 20ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு இடத்தைச் சுட்டியது. அது சிலருக்கு இலகுவில் வரக்கூடிய தன்மை உண்டு என்பதற்கான குறிப்பு. ஒரு பிரதேசத்தில் சில தசாப்தங்களில் திடீரென்று கூடிய நோய்க்கு ஜீன் மட்டும் காரணமாக இருக்க ஏலாது, ஜீன்கள் அந்த வேகத்தில் மாறுவதில்லை. தண்ணீர், வெயிலில் வேலை, விவசாய இரசாயனம் எல்லாம் சேர்ந்துதான் ஆராயப்படுகின்றன.

வெள்ளவத்தைக்காரி, பெப்ரவரி 22

அப்ப இவ்வளவு ஜீனோம் ஆராய்ச்சியால் தலசீமியாக்காரருக்கு என்ன கிடைத்தது?

நிறமூர்த்தம்11, பெப்ரவரி 23

நல்ல கேள்வி, இதற்கு உண்மையான பதில் இருக்கிறது.

கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஈமோகுளோபின், எப் வகை. பிறந்த பிறகு அது மெல்ல நின்றுவிடும். சிலருக்கு மட்டும் வளர்ந்த பிறகும் கொஞ்சம் நிற்காமல் ஓடும், அவர்களுக்குத் தலசீமியா இருந்தாலும் கடுமை குறைவு. ஏன் என்று தேட, முழு ஜீனோமிலும் இலட்சக்கணக்கான இடங்களை ஒப்பிடும் ஆய்வுகள் நடந்தன. அவ்வளவு இடத்தை ஒரே நேரத்தில் சோதித்தால் தற்செயலாகவே ஆயிரக்கணக்கில் 'தொடர்பு' வரும். அதனால் வழமையான 0.05ஐப் பத்து இலட்சத்தால் வகுத்து, அந்தளவு சிறிய நிகழ்தகவு வந்தால் மட்டுமே ஏற்பார்கள். 2007, 2008 ஆய்வுகளில் அந்தத் தடையைத் தாண்டி 2ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு ஜீன் வந்தது: பி.சி.எல்.11ஏ. எப் வகையை நிறுத்தும் சுவிட்ச் அதுவே.

அந்த ஜீனை முழுதாக அழிக்க ஏலாது, மற்றக் குழியங்களுக்கும் அது தேவை. செங்குழியத்தில் மட்டும் அதைத் தூண்டும் ஒரு சிறு பகுதி அதன் இன்ட்ரோனுக்குள் இருப்பதை 2013இல் கண்டார்கள். நோயாளியின் சொந்தக் குருதி மூலக்குழியங்களை எடுத்து, கிறிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் கருவியால் அந்த இடத்தை மட்டும் வெட்டித் திரும்ப ஏற்றுகிற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி கொடுத்தது, பின்னர் அமெரிக்காவும். முதல் தடயத்திலிருந்து மருந்துவரை ஏறத்தாழ பதினாறு வருடம்.

விலை அமெரிக்காவில் 22 இலட்சம் டொலர். அதற்கு முன் எலும்பு மச்சையை வெறுமையாக்கக் கடும் கீமோ கொடுக்க வேண்டும், அது பிள்ளைப்பேற்றையும் பாதிக்கலாம். கொழும்பில் இன்றைக்கு ஒரு தலசீமியாப் பிள்ளைக்கு நடப்பது இரண்டு முதல் நான்கு கிழமைக்கொருமுறை இரத்தம் ஏற்றுவதும், சேரும் இரும்பை வெளியேற்ற நாள்தோறும் மருந்தும்தான். அந்த 22 இலட்சம் இங்கே வருவதற்கு எவ்வளவு காலம் ஆகுமோ, அதுவரை ஒரு சொட்டு இரத்தத்தில் செய்யக்கூடிய எப்.பி.சி.யைச் செய்யாமல் விடுவது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

வெள்ளவத்தைக்காரி, பெப்ரவரி 25

தம்பியும் எப்.பி.சி., எச்.பி.எல்.சி. இரண்டும் இந்தக் கிழமை இங்கே செய்கிறான். மச்சாள் யாழ்ப்பாணத்தில். அங்கே எடுத்து பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினால் சரிவருமா?

செங்குழியம், பெப்ரவரி 25

எப்.பி.சி.யை யாழ்ப்பாணத்திலேயே, எடுத்த அன்றே செய்யுங்கள். பஸ்ஸில் இரவு முழுக்க வந்து அடுத்த நாள் பின்னேரம் மெஷினில் ஏறினால், வெப்பத்தில் செங்குழியங்கள் வீங்கி எம்.சி.வி. ஏறிக் காட்டும். 78 இருக்க வேண்டியது 82 என்று வந்து 'சாதாரணம்' ஆகிவிடும். பிந்திச் செய்த ரிப்போர்ட் கையில் இருந்தால் எம்.சி.எச்.ஐ நம்புங்கள், அது அந்தளவு அசையாது.

எச்.பி.எல்.சி.க்கு அனுப்பலாம். ஊதா மூடிக் குழாய், அதாவது ஈ.டி.டி.ஏ., 2 மில்லிலீற்றர். எடுத்தவுடன் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். பெயரும் பிறந்த திகதியும் குழாயிலேயே, எடுத்த இடத்திலேயே எழுத வேண்டும். ஐஸ் பக்கெற் குழாயில் நேரே படாமல் இடையில் துணியோ தெர்மோகோலோ வையுங்கள், உறைந்தால் குழியம் உடைந்துவிடும். பிறகு டி.என்.ஏ. தேவைப்பட்டால் அதே குழாயைப் பயன்படுத்தலாம். பச்சை மூடிக் குழாயில் எடுத்துவிடாதீர்கள், அதிலுள்ள ஹெப்பாரின் பி.சி.ஆரைத் தடுக்கும்.